கேட்டதைத் திருப்பிச் சொன்ன நாள்

இலுப்பூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் ‘ஓட்டுக் கணக்கு எடுக்கிறவங்க’தான். அதில் பாதி சரி. நான் எடுப்பது ஓட்டுக் கணக்கு இல்லை. ஓட்டுப் போட்டவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள், போடாதவர்கள் ஏன் போகவில்லை, அரசாங்கத்தை எந்த அளவு நம்புகிறார்கள், தங்கள் பேச்சு எங்காவது எடுபடும் என்று நினைக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்வது என் வேலை. சென்னையில் உள்ள ஓர் ஆய்வு மையத்துக்காக, ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் புதுக்கோட்டை மாவட்டத்தில் சில ஊர்களுக்குப் போய் வருகிறேன்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஒவ்வொரு முறையும் புது ஆட்களைப் பார்ப்பதில்லை. முதல் தேர்தலில் யாரிடம் கேட்டேனோ அவரிடமே அடுத்த தேர்தலிலும், அதற்கடுத்த தேர்தலிலும் கேட்கவேண்டும். ஊர் மாறியிருக்கிறதா என்று பார்க்க யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு மனுஷர் மாறியிருக்கிறாரா, எதனால் மாறினார் என்று பார்க்க அதே மனுஷரிடம்தான் போகவேண்டும். அதனால் எங்கள் வேலையில் ஒருவரைக்கூட இழக்கக் கூடாது. வீடு மாறினால் தேடிப் போவோம். கல்யாணமாகிப் போனால் விசாரித்துக்கொண்டு போவோம். ஒருவர் ‘இனிமே வராதீங்க’ என்று சொல்லிவிட்டால் பழைய பதில்களுக்குத் தொடர்ச்சி இல்லாமல் போய்விடும்.

கணக்குப் பட்டம் வாங்கி, பிள்ளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவள் நான். கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. படித்த கல்லூரியில் யாரோ சொல்லித்தான் இந்த வேலை வந்தது. முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. “வீடு வீடாப் போயி எதுக்கு ஓட்டுப் போட்டேன்னு கேட்டா அடிக்க வரமாட்டாங்களா?” என்றார். யாரும் அடிக்க வரவில்லை. மோர் கொடுத்தார்கள்.

ஜெகதாப்பட்டினம் மட்டும் அப்படிச் சுலபமாக அமையவில்லை. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து அறந்தாங்கி, பிறகு கடற்கரை பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். முதல் முறை போனபோது துறைமுகத்தில் ஏலம் முடிந்து, ஐஸ் கட்டிகளை உடைத்துப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பேசவேண்டியவர்களில் ஒருவர் அங்கே மீன் எடுத்து அறந்தாங்கிச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவர் கணவர் விசைப்படகு ஓட்டுபவர். அந்த வியாபாரியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

“எந்தக் கட்சி நீங்க?” என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி.

“எந்தக் கட்சியும் இல்லக்கா.”

“அப்ப எதுக்கு இம்புட்டு தூரம் வாரீங்க?”

நான் விளக்கினேன். முழுக்க நம்பவில்லை என்றாலும், பெட்டி மேல் உட்காரச் சொன்னார். அரசாங்கத்தை எப்போதும் நம்புகிறீர்களா, பெரும்பாலும் நம்புகிறீர்களா, எப்போதாவதா, ஒருபோதும் இல்லையா என்று படித்தேன். அக்கா யோசித்து, “தேர்தல் வரைக்கும்னு போடுங்க” என்றார். அப்படி ஒரு விடை எங்கள் படிவத்தில் கிடையாது என்றேன். “இல்லாட்டி எழுதிக்கங்க, எடமா இல்ல?” என்று சிரித்தார். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த தேர்தலில் நான் போனபோது அவரே எனக்கு ஆட்களைக் கூட்டிவந்து கொடுத்தார். “டீச்சர் வந்திருக்காங்க, பதில் சொல்லிட்டுப் போங்க” என்று சத்தம் போடுவார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த ஊரில் எடுபடவில்லை.

மூன்றாவது முறை போனபோதுதான் எல்லாம் மாறியிருந்தது. நான் போவதற்குச் சில நாள் முன்பு அக்காவின் கணவர் ஓட்டிப்போன படகை, எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். படகில் இருந்த எல்லோரும் அக்கரையில் ஏதோ ஒரு சிறையில். எனக்கு அது தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் நான் கேள்விப் படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.

அக்காதான் சொன்னார். “வெளிய எடுங்க. வந்தது வந்தீங்க. கேளுங்க.”

“இல்லக்கா, இன்னொரு நாள் வாரேன்.”

“கேளுங்கன்னு சொல்றேன்ல.”

ஊரைப் பற்றி, தெருவிளக்கைப் பற்றி, முதலில் வரும் சாதாரணக் கேள்விகளைக் கேட்டேன். பதில் சொன்னார். பிறகு அந்தக் கேள்வி வந்தது. அரசாங்கத்தை எப்போதும் நம்புகிறீர்களா, பெரும்பாலுமா, எப்போதாவதா. அதற்கு மேல் படிக்காமல் நிறுத்திவிட்டேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

“போன தடவையும் இதத்தான் கேட்டீங்க. அதுக்கு முந்தியும் கேட்டீங்க. நாங்களும் சொன்னோம். சொன்னதெல்லாம் எங்க போச்சு?”

“சென்னைக்குப் போகுதுக்கா. எல்லா ஊருப் பதிலையும் சேத்து ஒரு அறிக்கையா எழுதுவாங்க.”

“அத யாரு படிப்பா?”

“ஆராய்ச்சி பண்றவங்க, பேராசிரியருங்க, பத்திரிகைக்காரங்க...”

“எங்களுக்கு யாரு சொல்லுவா?”

யாரும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் உண்மை. அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நானே அதை முழுசாகப் படித்ததில்லை.

“அப்ப விட்ருங்க தங்கச்சி. இனிமே எங்கள்ட்ட கேக்க வேணாம்” என்றார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அந்தத் தெருவில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள், கேள்வி மட்டும் வேண்டாம் என்றார்கள். நானும் கேட்கவில்லை. சாயங்காலம்வரை அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆய்வு மையத்தில் எங்கள் பணியைக் கவனித்தவர் ஒரு பேராசிரியை. நாங்கள் மேடம் என்போம். போனில் விவரம் சொன்னேன். அக்கா கேட்டதையும் சொன்னேன். முடிவுகளை ஊரில் போய்ச் சொல்லலாமா என்று கேட்டதும் அவர் சட்டென்று மறுத்தார். அது வெறும் பிடிவாதம் இல்லை. ஊரில் பெரும்பாலானவர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று ஒருவர் காதில் விழுந்தால், அடுத்த முறை அவர் பதில் அதை ஒட்டி மாறக்கூடும். அப்போது அவரை மாற்றியது காலமா, அரசியலா, நாம் சொன்ன பேச்சா என்று பிரித்துப் பார்க்க முடியாது. இத்தனை ஆண்டு உழைப்பும் கலங்கிவிடும். இதை மேடம் பொறுமையாகச் சொன்னார். கணக்குப் படித்தவள் என்பதால் எனக்கும் அது புரிந்தது.

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. “மேடம், கதவையே சாத்திட்டாங்கன்னா அவங்க மாறினாங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றேன். “அதோட, நாம எழுதி வச்சிருக்கறது அவங்க சொன்ன பதில். அதத் தெரிஞ்சுக்கணும்னு அவங்க கேக்கறது நியாயமில்லையா?”

“யோசிக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து அவரே கூப்பிட்டார். எங்கள் ஊர்களில் பாதியில் பழைய முடிவுகளைப் போய்ச் சொல்வது, மீதிப் பாதியில் சொல்லாமல் விடுவது என்று முடிவாகியிருந்தது. அடுத்த தேர்தலில் இரண்டு பக்கப் பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொன்னதால் என்ன மாறியது என்று தெரிந்துவிடும். “நீங்க கேட்ட கேள்வியையே ஆய்வா மாத்திட்டோம்” என்றார். குரலில் உற்சாகம் இருந்தது. ஜெகதாப்பட்டினம் சொல்லும் பக்கத்தில் வந்தது. மலையைக் குடைந்து எடுத்த கோயில் இருக்கிற குன்றாண்டார்கோவில் சொல்லாத பக்கத்தில் வந்தது. எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று பேசக் கூடாது, யார் என்ன சொன்னார் என்று துளியும் தெரியக் கூடாது என்று இரண்டு கட்டளைகள். மூன்றாவது ஒன்றை நான் கேட்டு வாங்கினேன். சொல்வதற்கு ஈடாக யாரிடமும் பதில் கேட்கக் கூடாது. மேடம் உடனே சரி என்றார்.

அறிக்கையைத் தமிழில் பெயர்த்து அனுப்பியிருந்தார்கள். ‘அரசியல் ஆற்றல் உணர்வு’ என்று ஒரு தலைப்பு. அதை அப்படியே சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். சாயங்காலங்களில் கடையில் உட்கார்ந்து கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்பார். புரியாத இடம் வந்தால் கை நின்றுவிடும். அந்த இடத்தை நான் மாற்றிச் சொல்வேன். ‘அரசியல் ஆற்றல் உணர்வு’ கடைசியில் ‘நம்ம பேச்சு எடுபடும்னு நெனைக்கிறோமா’ என்று ஆனது. அதற்கு அவர் கை நிற்கவில்லை. “இது நல்லாருக்கு. இத எங்கிட்ட கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன்” என்றார். இந்த வேலையைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

மீன்பிடித் தடைக்காலத்தில் போனேன். படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், ஆண்களும் ஊரில் இருப்பார்கள். அதற்குள் அக்காவின் கணவரும் மற்றவர்களும் விடுதலையாகி வந்திருந்தார்கள். படகு மட்டும் வரவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கேக்க வந்தீங்களா, சொல்ல வந்தீங்களா?” என்றார்.

“சொல்ல வந்தேன்க்கா. கேக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

வலை பின்னும் கொட்டகையில் கூடினோம். பெண்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் தூண்களில் சாய்ந்து நின்றார்கள், பிடிக்காவிட்டால் போய்விடலாம் என்கிற மாதிரி. பெரிய தாள்களில் வட்டம் வட்டமாக வண்ணம் தீட்டிக் கொண்டுபோயிருந்தேன். முதல் தாளை மாட்டினேன்.

“யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு எப்படி முடிவெடுத்தீங்கன்னு கேட்டோம். மாவட்டத்துல முக்கால்வாசிக்கு மேல ‘நானே யோசிச்சு முடிவு பண்ணேன்’னு சொல்லியிருக்காங்க” என்றேன். பல தலைகள் ஆடின. அடுத்த தாளை மாட்டினேன். “மத்தவங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னு நெனைக்கிறீங்கன்னும் கேட்டிருந்தோம். அதுக்கும் முக்கால்வாசிப் பேரு, ‘மத்தவங்க யாராச்சும் சொல்றதக் கேட்டுப் போட்ருவாங்க’ன்னு சொல்லியிருக்காங்க.”

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார். “எல்லாரும் நானே யோசிச்சேங்கறாங்க. அப்ப அந்த மத்தவங்க யாருங்க?”

ஒரு நொடி கழித்துச் சிரிப்பு கிளம்பியது. முன் வரிசையில் தொடங்கித் தூண்கள்வரை போய்த் திரும்பி வந்தது. அக்கா எழுந்து நின்று, “நானும் அப்படித்தான் சொன்னேன். எங்கள விட்டா மத்த எல்லாரும் ஏமாளின்னு நெனச்சுட்டேன்” என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பேசவே வாய்ப்பில்லை. ஒருவரையொருவர் கேட்டார்கள், மறுத்தார்கள், திரும்பக் கேட்டார்கள். சாய்ந்து நின்றவர்களில் பலர் உட்கார்ந்தார்கள்.

‘நம்ம பேச்சு எடுபடுமா’ என்ற தாள் வந்தபோது பெண்களுக்குள் சலசலப்பு. பெண்களின் பதில்களைக் காட்டும் வட்டத்தில் ‘தெரியாது’ என்பதற்கான சாம்பல் நிறம் பெரிதாக இருந்தது. ஒருத்தி, “தெரியாமயா சொன்னோம்? சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டோம்” என்றாள். “அவரு பக்கத்துல நின்னாரு, அதான் நான் தெரியாதுன்னேன்” என்றாள் இன்னொருத்தி. அந்த ‘அவரு’ பின்னால் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார். நான் அவர்கள் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

கடைசித் தாளைத்தான் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். மாவட்டத்தில் தீர்க்கவேண்டிய பெரிய பிரச்சினை எது என்று எல்லா ஊரிலும் கேட்டிருந்தோம். யாரும் எடுத்துக்கொடுக்காமல் அவரவர் வாயால் சொல்லவேண்டிய பதில். கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள ஊர்களில் தண்ணீர், ரோடு, வேலை என்று சொன்னவர்கள்தான் அதிகம். ஆனால் அங்கேயும் கணிசமானவர்கள் மீனவர்களைப் பிடித்துப் போவதைச் சொல்லியிருந்தார்கள். கடலைக்கொல்லையும் முந்திரியும் வைத்துப் பிழைப்பவர்கள், கடலுக்குப் போய்வர வேலையே இல்லாதவர்கள்.

அதைச் சொன்னேன். வேறெதுவும் சேர்க்கவில்லை.

தூணருகில் நின்றிருந்த அக்காவின் கணவர் அதுவரை வாயே திறக்கவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை என்று அக்கா சொல்லியிருந்தார்.

“அங்கிட்டு உள்ளவங்க நெசமாவே சொன்னாங்களா? நீங்க எடுத்துக் குடுக்கலையே?” என்றார்.

“இல்லண்ணே. அவங்களாச் சொன்னது. நானே சில பேருகிட்ட கேட்டு எழுதியிருக்கேன்.”

அவர் முன்னால் வந்து அந்தத் தாளைப் பக்கத்தில் நின்று பார்த்தார். “உள்ள இருந்தப்ப, கரையில நம்ம ஊரத் தவிர யாருக்கும் நம்ம நெனப்பே இருக்காதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்” என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பி, அங்கே நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அதையெல்லாம் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் குறையும்வரை யாரும் எழுந்து போகவில்லை.

அதற்கடுத்த தேர்தல் முடிந்து நான் ஜெகதாப்பட்டினம் போனபோது, பஸ் நிறுத்தத்திலேயே ஒருவர் கேட்டார். “டீச்சர், இந்தத் தடவ கேக்கற தடவதான?” முன்பு மறுத்த தெருவில் வாசல் வாசலாக உட்கார வைத்தார்கள். அறந்தாங்கிக்குக் குடிபோனவர்கள் என் நம்பரை வாங்கி, எப்போது வருகிறேன் என்று கேட்டார்கள். ‘தெரியாது’ என்று ஒதுங்கிய பெண்கள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். ‘சொல்ல விருப்பமில்லை’, ‘சொல்லிப் பயனில்லை’ என்று இரண்டு விடைகளை மேடம் படிவத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார். கொட்டகையில் நான் குறித்துக்கொண்டு போனதிலிருந்து வந்தவை அவை. அக்காவின் முறை வந்தபோது, நம்பிக்கைக் கேள்விக்கு அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அவர் சொன்ன பதிலை நான் எழுதக் கூடாது. நன்றாக யோசித்துச் சொன்னார் என்று மட்டும் சொல்லலாம்.

அந்த ஊரில் நான் பார்க்கவேண்டியவர்களில் ஒருவர்கூட விடுபடவில்லை. மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். “ஒருத்தர்கூடவா?” என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் ஆய்வு நடக்கும் எந்த மாவட்டத்திலும் இப்படி ஒரு ஊர் அமைந்ததில்லை என்றார். கேட்கவே வேண்டாம் என்றதிலிருந்து ஒருவர் விடாமல் பதில் சொல்லும் அளவுக்கு வந்த ஊர். முடிவுகளைக் கேட்டதால் பதில்கள் ஒரே மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்தோமே, அதுவும் நடக்கவில்லை. முன்னைவிட ஆளுக்கு ஆள் வேறுபட்டு, காரணம் சொல்லிப் பேசியிருந்தார்கள். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அறந்தாங்கிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் வலி தெரியவே இல்லை.

மறுவாரம் குன்றாண்டார்கோவில். அது சொல்லாத பக்கத்தில் வந்த ஊர் அல்லவா, வழக்கம்போல் போய்க் கேட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று நினைத்தேன். முதல் வீட்டில், ஒவ்வொரு தேர்தலிலும் அமைதியாகப் பதில் சொல்லும் ஒரு விவசாயி, இந்த முறை என்னை நிறுத்தினார்.

“ஜெகதாப்பட்டினத்துல போயி எல்லாருக்கும் விவரம் சொன்னீங்களாமே. எங்களுக்கு ஏன் சொல்லல?”

கடற்கரையிலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்காரர்கள் மூலம் செய்தி வந்திருந்தது. மீன் விற்ற இடமெல்லாம், அந்த மத்தவங்க யார் என்ற கதையையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள். சொல்லாத ஊர் என்று ஒன்று மாவட்டத்தில் மிச்சமில்லை. மேடம் எத்தனையோ யோசித்துப் போட்ட கணக்கை மீன் மொபெட்டுகள் கலைத்துவிட்டன.

பயந்துகொண்டேதான் அவருக்குப் போன் போட்டேன். விவரம் கேட்டதும் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை ஆண்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. “சரி, இந்தச் சுத்துல அவங்க பதில வாங்கிட்டு, அப்புறம் எல்லா ஊருக்கும் போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன்” என்றார்.

அப்படியே செய்தோம். குன்றாண்டார்கோவிலில் கூட்டம் நடந்த அன்று மேடம் கீரனூரில் பஸ் மாறி என்னோடு வந்தார். சமுதாயக் கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் பத்தாமல், பக்கத்து வீடுகளிலிருந்து பாய் கொண்டுவந்து விரித்தார்கள். நான் முதல் தாளை மாட்டுவதற்குள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், “கடலோரத்துல எங்க பிரச்சினையப் பத்தி என்ன சொன்னாங்க, அதையும் சொல்லுவீங்களா?” என்று கேட்டாள்.

மேடம் என்னைப் பார்த்தார். “அதையும் சொல்லுவோம்” என்று நான் தாளை விரித்தேன்.